முன் இடது தோள்

யாரும் கூப்பிடாமலே "தோ வந்துட்டேன்" என்று பதில் கொடுக்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அறுபதுகளில் பெங்களூரின் ஒரு கல்லூரியில் பௌதிகம் படித்த பையன்கள் பார்த்திருக்கிறார்கள். அவர் பெயர் கோவிந்தப்பா, ஆய்வுக்கூடத்து அட்டெண்டர். அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். பையன்கள் எல்லோரும் அவரவர் மேஜையில் குனிந்து கிடப்பார்கள். திடீரென்று துணியைக் கீழே வைப்பார், வாசல் பக்கம் திரும்புவார், "தோ வந்துட்டேன்பா" என்பார். வாசலில் ஆள் இருக்காது. அவருக்குக் காதில் கோளாறு என்று ஒரு கட்சி, மண்டையில் கோளாறு என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் சிரித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை அது.

அவர் வேலைக்குச் சேர்ந்தது நாற்பத்தேழில். எட்டாவது வரைதான் படிப்பு. வீடு ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராத ஒரு வரிசை வீட்டில். சேர்ந்த இரண்டு வருஷத்துக்குள் கூடத்தில் எந்தச் சாமான் எந்த மூலையில் என்பது மட்டுமில்லை, எந்தச் சாமான் என்ன பொய் சொல்லும் என்பதும் அவருக்கு அத்துப்படி. ஃபோர்ஸ் டேபிள் என்று ஒன்று உண்டு. வட்டமான இரும்பு மேஜை. விளிம்பைச் சுற்றி டிகிரிக் கோடுகள். நடுவில் ஒரு ஊசி, அதைச் சுற்றி ஒரு சின்ன வளையம். வளையத்தில் கட்டிய நூல்கள் விளிம்பிலுள்ள கப்பிகள் மேல் ஓடிக் கீழே தொங்கும். அவற்றின் நுனியில் எடைகள். மூன்று எடைகள் மூன்று பக்கம் இழுக்கும். மூன்றும் சேர்ந்த இழுப்பை ஒரே ஆள் இழுத்தால் எந்தப் பக்கம் இழுப்பான், எவ்வளவு இழுப்பான் என்று பையன் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ரிசல்டன்ட் என்று பெயர். நாலாவதாக ஒரு எடையை எந்த இடத்தில் தொங்கவிட்டால் வளையம் ஊசியைத் தொடாமல் நடுவில் நிற்கிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம்தான் விடை.

இதில் ஒரு சூது இருக்கிறது. கப்பிகள் பழசு. வளையம் நகர வேண்டியிருந்தும் கப்பி பிடித்துக்கொண்டால் நகராமல் நடுவிலேயே நல்ல பிள்ளையாக நிற்கும். பையன் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போவான். கோவிந்தப்பா பின்னாலிருந்து வந்து மேஜை விளிம்பில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். வளையம் ஒரு நடுக்கம் நடுங்கி, போக வேண்டிய பக்கம் போய்விடும். டெமான்ஸ்ட்ரேட்டர் சேஷகிரிக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. "நம்ம கோவிந்தப்பா தட்டினான்னா எந்த வளையமும் உண்மையைக் கக்கிடும்டா" என்று பையன்களிடம் சொல்வார்.

ஐம்பத்துநாலாம் வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை. அன்று பிராக்டிகல் பரீட்சை. வெளியூரிலிருந்து பரீட்சகர் வருகிறார். ஆறரைக்குள் கூடத்தைத் திறந்தாக வேண்டும். கோவிந்தப்பா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு இருட்டோடு கிளம்பி, ரயில் பாதையைத் தாண்டிச் சூளைக்காட்டில் இறங்கினார். அது காடு ஒன்றும் இல்லை. எப்போதோ செங்கல் சுட்ட பொட்டல்; இப்போது உன்னிப் புதரும் குழிகளும்தான். மற்ற வழியைவிடக் கால் மணி மிச்சம். முழங்கால் வரை பனி நின்றது. பாதி தூரம் போயிருப்பார்.

"கோவிந்தப்பா மாமா."

நின்றார். குரல் ஜெயராமனுடையது. பக்கத்து வரிசை லட்சுமம்மாவின் ஒரே மகன், இருபத்திரண்டு வயசு, ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். சந்தேகமே இல்லை, அவன் குரல்தான். ஆனால் ஆள் இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. குரல் தரையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. தூரமா பக்கமா என்றும் சொல்ல முடியவில்லை.

ஒக்கலிபுரத்தில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே ஊட்டிவிடுகிற பாடம் ஒன்று உண்டு. ஆள் தெரியாத இடத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாயைத் திறக்காதே. அது உனக்குத் தெரிந்தவர் குரலில்தான் கூப்பிடும். ஆனால் அதற்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட வராது. மனுஷன்தான் மூன்றாம் தடவையும் கூப்பிடுவான். மூன்றாவது கேட்ட பிறகு பதில் கொடு. இந்தப் பாடத்தைப் பௌதிகம் படித்த எவனும் பொய் என்று நிரூபித்ததில்லை. பனியில் தனியாக நின்றுகொண்டு நிரூபிக்க யாருக்கும் துணிச்சலும் வராது.

"மாமோவ்."

இரண்டு. மூன்றாவதுக்குக் காத்திருக்க வேண்டும். அதுதான் முறை. மூன்றாவது வராவிட்டால்கூடப் பரவாயில்லை, வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அவர் ஓடவில்லை. வேகமாக நடந்தார். நடக்கும்போது கையிலிருந்த சாவிக்கொத்தைச் சலசலவென்று ஆட்டிக்கொண்டே நடந்தார். சாலை வந்து ஏறும்வரை அந்தச் சத்தம் ஒன்றுதான் அவர் காதில் விழுந்தது.

இதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அது வீடு தேடி வரும் என்பது பாடத்தின் இரண்டாம் பகுதி.

ஜெயராமனை ஐந்தாறு நாள் யாரும் தேடவில்லை. எங்காவது வண்டி தடம் புரண்டால் ஷெட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், திரும்பி வர நாலு நாள் ஆகும். அப்படித்தான் போயிருக்கிறான் என்று லட்சுமம்மா நினைத்தாள். அடுத்த திங்கட்கிழமை ஷெட்டிலிருந்தே ஆள் வந்து, ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டபோதுதான் அவள் தேடிக்கொண்டு ஓடினாள். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் எல்லையம்மன் பல்லக்கைத் தூக்குவது என்று முடிவாயிற்று.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் அம்மனைச் சின்னப் பல்லக்கில் வைத்து நாலு பேர் தூக்குவார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பம்பை அடிப்பார்கள். தூக்குகிறவர்கள் தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது. தோள் கொடுத்தால் போதும். பல்லக்கு தானாகப் போகும், போய் விடையின் முன்னால் நிற்கும். காணாமல் போன மாட்டைக் காட்டியிருக்கிறது, தோஷம் உள்ள வீட்டைக் காட்டியிருக்கிறது. ஆறு வருஷமாக முன் இடது தோள் கோவிந்தப்பாவுடையது. முன் வலது அவர் மச்சான் முனிரத்னம், மில்காரன். பின்னால் இரண்டு பேரும் மூங்கில் மண்டியில் வேலை செய்யும் அண்ணன் தம்பிகள்.

வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் தூக்கினார்கள். லட்சுமம்மா ஈரப் புடவையோடு முன்னால் வந்து, "எம்புள்ள எங்க இருக்கான், காட்டும்மா" என்றாள். பம்பை அடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கம்பு அதிர ஆரம்பித்தது. கோவிந்தப்பாவின் கால்கள் நகர்ந்தன, அவர் நகர்த்தவில்லை. தெருவில் வலப்பக்கம் திரும்பியது, ரயில் பாதையைத் தாண்டியது, சூளைக்காட்டில் இறங்கியது. நேர்கோடு பிடித்த மாதிரி போயிற்று. உன்னிப் புதர் ஒன்றின் முன்னால் பல்லக்கு நின்று, முன் இடது மூலை தாழ்ந்தது. புதரை வெட்டிப் பார்த்தார்கள். உள்ளே பாழுங்கிணறு. அதற்குள் ஜெயராமன் இருந்தான்.

லட்சுமம்மாவின் அழுகையைப் பற்றி எழுதப் போவதில்லை. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோவிந்தப்பா கம்பைப் பிடித்தபடியே நின்றார். விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அவர் அப்போதும் ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் இருந்தார். பையன் செவ்வாய் ராத்திரி ஷிப்டு முடிந்து குறுக்கே வந்தபோது விழுந்திருக்கிறான், விழுந்ததும் போயிருக்கிறான். ஆக, புதன் விடிகாலையில் கூப்பிட்டது அவன் இல்லை, பேர் சொல்லிக் கூப்பிடுகிற அதுதான். பாடம் சொன்னபடிதான் நடந்திருக்கிறோம் என்று தேற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து ஆண்களைத் தனியாக ஒதுக்கி, "கால்தான் முறிஞ்சிருக்கு. ரெண்டு நாள் உசுரோட இருந்திருக்கான்னு டாக்டர் சொல்றாரு. பெல்ட்டு பக்கிளால கல்லக் கீறி வெச்சிருக்கான். தாய்கிட்ட சொல்லாதீங்க" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கோவிந்தப்பா குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். அந்தப் பல்லக்கை இழுத்த தோள் தன் தோளாக இருக்கக் கூடாது. எடை தொங்காத பக்கம் வளையம் போகாது, இது அவருக்கு ஏழு வருஷத்துப் பாடம். நாலு தோளில் ஒரு தோளுக்கு வழி தெரிந்திருக்கிறது. அது அம்மன் என்றால், அம்மன் எந்தத் தோளில் வேண்டுமானாலும் உட்காரலாம். முனிரத்னத்தின் தோளில் உட்கார்ந்திருக்கட்டுமே. தன் தோள்தான் என்றால் தனக்குத் தெரிந்திருந்தது என்று அர்த்தம். புதன்கிழமையே தெரிந்திருந்தது என்று அர்த்தம்.

மற்ற மூன்று பேரையும் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டார். முனிரத்னம் குளித்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கி ஒனக்கு எந்தப் பக்கம் இழுத்துச்சுடா?"

"இடது பக்கம் மாமா. நான் பாட்டுக்கு நடந்தேன், அப்படியே இடது பக்கமா வாரிக்கினு போச்சு. ஏன் கேக்குற?"

"சும்மாத்தான்."

மூங்கில் மண்டியில் தம்பிக்காரன் பின் இடது. "எனக்கு நேரா முன்னாடிதாண்ணா இழுத்துது" என்றான். பின் வலதில் நின்ற அண்ணன்காரன் கையைக் குறுக்கே நீட்டிக் காட்டினான். "இப்படி, கோணலா. முன்னாடியும் இல்ல, இடதும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல."

மறுநாள் மத்தியானம் கூடத்தில் வகுப்பு இல்லை. கோவிந்தப்பா ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபோர்ஸ் டேபிளின் முன்னால் நின்றார். பல்லக்கின் நாலு மூலைக்கும் நாலு சம எடை தொங்கவிட்டார். அது நாலு ஆள் தூக்கும் பாரம். வளையம் நடுவில் நின்றது. பிறகு மூன்று பேர் சொன்ன இழுப்புக்கு மூன்று துளி எடை. இடப்பக்கம் ஒரு கப்பி மாட்டி ஒன்று, முன்பக்கம் ஒரு கப்பி மாட்டி ஒன்று, கோணலாகச் சொன்னதை முன் இடது மூலை எடையோடு சேர்த்து ஒன்று. கையை எடுத்தார்.

வளையம் நகரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஊசியைச் சுற்றி நடுவில்தான் நின்றது. யார் பக்கமும் போகவில்லை. அந்த நிமிஷத்தில் அவர் எவ்வளவு லேசாக மூச்சு விட்டார் என்பதைச் சொன்னால் உங்களுக்கே அவர் மேல் இரக்கம் வரும். நூல்களை அவிழ்க்கக் கை நீட்டினார். ஏழு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? எடுக்கிறதற்கு முன்னால் விரல் முட்டி தானாகப் போய் விளிம்பில் தட்டிவிட்டது. டக், டக்.

வளையம் நடுங்கியது. மெல்ல, அவசரமே இல்லாமல், முன் இடது மூலைப் பக்கம் நகர்ந்து ஊசியில் போய்ச் சாய்ந்தது.

சாத்திய அறை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வெயில். இரும்பு மேஜையின் அதிர்வு அடங்கும்போது தரைக்குக் கீழேயிருந்து யாரோ மூச்சை இழுக்கிற மாதிரி இருந்தது, கூப்பிடப் போகிறவன் இழுக்கிற மூச்சு. கோவிந்தப்பா மேஜைமேல் இருந்த சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினார். ஆட்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டார்.

அவர் துரதிர்ஷ்டத்தைப் பாருங்கள். மூன்று பேரிடம் கேட்டாரே, மூன்று பேரும் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து பேசியபோது மூன்று கையும் ஒரே மூலையைக் காட்டியிருக்கிறது. முனிரத்னம் ஊரெல்லாம் சொல்லிவிட்டான்: அம்மா வந்து உட்கார்ந்தது எங்க மாமா தோளில். அடுத்த வெள்ளிக்கிழமை லட்சுமம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், அவர் இடது தோளில் மஞ்சளைத் தடவிக் கும்பிட்டாள். போகும்போது திரும்பி ஒரு கேள்வி கேட்டாள்.

"வேற ஏதாச்சும் சொன்னாளாப்பா அம்மா?"

"இல்லக்கா."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள். அதே மஞ்சள், அதே கேள்வி. இப்படி ஒன்பது வருஷம். மழையென்றும் பார்க்கவில்லை, காய்ச்சலென்றும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவர் தோளில் சாய்த்துவிட்டுப் போனார்கள். அவர் மனைவி பாஞ்சாலிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, புருஷன் இடது பக்கம் திரும்பிப் படுப்பதே இல்லை என்பதையும், வியாழன் ராத்திரி சோறு இறங்குவதில்லை என்பதையும் கவனித்தாள். பல்லக்கு தூக்க அவர் மறுபடி போகவே இல்லை. கல்லூரியிலும் மேஜையைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். பையன்களிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, "நீங்களே தட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொள்வார். சேஷகிரி, "என்ன ஆச்சு உனக்கு, கைராசியை யாருக்காவது தானம் பண்ணிட்டியா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

அறுபத்துமூன்றில் ஒரு வெள்ளிக்கிழமை லட்சுமம்மா வரவில்லை. தப்பித்தோம் என்று கோவிந்தப்பா வேலைக்குக் கிளம்பியிருக்கலாம். பத்து மணி வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து அவள் வீட்டுக்கு நடந்தார்.

அவள் பாயில் கிடந்தாள். முகம் சுருங்கிப் போயிருந்தது. கண் பார்வை பாதி போய்விட்டது. காலடியைக் கேட்டே தெரிந்துகொண்டாள்.

"வாப்பா. ஒக்காரு."

"அக்கா, அம்மா எதுவும் சொல்லல. எப்பவுமே சொல்லல."

"தெரியும்."

"நான்தான் ஒண்ணு சொல்லணும்."

"அதுவும் தெரியும். ஒம்போது வருசமா அதத்தானே கேட்டுக்கினு இருக்கேன்."

லட்சுமம்மா கூரையைப் பார்த்தபடி பேசினாள். "பல்லக்கு போறப்போ நான் எந்தப் பக்கம் நடந்தேன்னு நெனச்சே? ஒன் பக்கந்தான். பம்பைச் சத்தத்துல வேற யாருக்கும் கேக்கல. 'தோ வரேன் ஜெயராமா, தோ வரேன்'ன்னு சொல்லிக்கினே நடந்தே. யாராச்சும் கூப்ட்டாத்தானே அப்படிப் பதில் சொல்லுவாங்க?"

தான் அப்படிச் சொன்னது கோவிந்தப்பாவுக்கு அதுவரை தெரியாது. தோளில் மஞ்சளின் பழைய கறை எரிகிற மாதிரி இருந்தது.

"அவன் கைய நாந்தான் கழுவுனேன். நகமெல்லாம் தேஞ்சி போயிருந்துச்சு. உடனே போயிட்டான்னு எல்லாரும் சொன்னீங்க, சரின்னு கேட்டுக்கினேன்" என்றாள். பிறகு, "எத்தினி வாட்டி கூப்ட்டான்?" என்று கேட்டாள்.

"ரெண்டு வாட்டிக்கா."

"மூணாவது?"

"சாவிக்கொத்த ஆட்டிக்கினே போயிட்டேன். கேக்கக் கூடாதுன்னு ஆட்டுனேன்."

லட்சுமம்மா அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"கூப்ட்டிருப்பான். பேயின்னு நெனச்சிக்குவாங்க, எங்க இருந்து கூப்ட்டாலும் மூணு வாட்டி கூப்டுடான்னு சின்னதுலயே நாந்தான் சொல்லிக் குடுத்தேன். நான் சொன்னத அவன் மறக்க மாட்டான்."

கோவிந்தப்பா தரையில் நெற்றி படக் குனிந்து அழுதார். ஆண்கள் அழுகிற மாதிரி இல்லை, சத்தமாக அழுதார். அவள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. தலைமாட்டில் மஞ்சள் கிண்ணம் இருந்தது. காலையிலேயே குழைத்து வைத்திருக்கிறாள். கையைத் துழாவி அவர் தலையைப் பிடித்தாள். பழக்கத்தில் அவர் இடது தோளைக் கொடுத்தார். அவள் விரல் தோளைத் தாண்டிப் போய் அவர் காதைத் தேடி, இரண்டு காதிலும் மஞ்சளைத் தடவியது.

"இனிமே யாரு கூப்ட்டாலும் மொதல் வாட்டியே பதில் குடுத்துடு" என்றாள்.

திங்கட்கிழமை அவள் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோவிந்தப்பா ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஃபோர்ஸ் டேபிளைத் தட்டினார். வளையம் நடுங்கி நகர்ந்தது. அவர் நிமிர்ந்து வாசல் பக்கம் திரும்பி, "தோ வந்துட்டேன்பா" என்றார். எதிரே நின்றிருந்த சேஷகிரி வாசலைப் பார்த்தார். வெயில்தான் இருந்தது.

"யாருடா கூப்பிட்டா, இப்ப யாருக்குப் பதில் சொல்றே?"

"யாருன்னு பாத்துக்கினு நின்னா நேரமாயிடும் சார்" என்றார் கோவிந்தப்பா.